வாறன்

அன்புள்ள உங்களுக்கு,

தொலைபேசியில் சொன்னால் சிக்னல் இல்லை என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வட சுவீடனில் இருந்து கோல் எடுத்தீர்கள். சுரங்கத்தில் மைனஸ் நாற்பது என்றீர்கள். லொறி எஞ்சினை அணைத்தால் மறுபடி இயங்காது, இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறோம் என்றீர்கள். பிள்ளை வாய் பிளந்து கேட்டாள். முடிவில் வழக்கம்போல, "சரி குஞ்சு, அப்ப வாறன்" என்று வைத்துவிட்டீர்கள்.

நமக்கு அது விடைபெறும் சொல். அவள் இங்கே ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்தவள்; அவளுக்கு வாறன் என்றால் வருகிறேன்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் இருந்தாள்.

"அப்பா வாறன் எண்டவர்."

அங்கேயே நித்திரையாகிவிட்டாள்.

உங்களுக்கு லீவு தரவில்லை என்று நீங்கள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். உங்களோடு வேலை செய்த பென்ஜமின் அண்ணை திரும்பிவிட்டார். தமிழ்க் கடையில் கண்டேன்.

"தங்கச்சிக்குத் தெரியாதோ? எல்லாரையும் லீவிலை வீட்டை போகச் சொன்னவங்கள். அவர்தான் கோடை வரைக்கும் நிக்கிறன் எண்டு கேட்டு நிண்டவர்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீன் விலையைப் பற்றிப் பேசினார்.

ஏன் என்று கேட்கமாட்டேன். எஞ்சின்கள் அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஒரு சொல் பழக்கியிருக்கிறேன். நம் வீடுகளில் வாசலில் நின்று யாரும் சொல்லத் துணியாத சொல். வரும் ஞாயிறு நீங்கள் எடுக்கும்போது, முடிவில் அவள், "அப்பா, நான் போறன்" என்பாள்.

உச்சரிப்பு நன்றாக வருகிறது. திருத்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா