மேபலின் ஆறு முட்டைகள்

ஹட்சின்சன், கான்சஸ்
பிப்ரவரி 9, 2014

அன்புள்ள கொரின்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டுலூத்தில் ஏரியே உறைந்து கிடக்கிறதாமே. உன் அக்கா ரோடா உன்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாளா, இல்லை பாத்திரம் கழுவ வைத்திருக்கிறாளா?

தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. காபிக் கடையில் டார்சி எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "என்னப்பா வெர்லின், கால் இல்லாததெல்லாம் வீட்டுலயே இருக்கு, கால் இருந்த ஒண்ணு மட்டும் கெளம்பிருச்சாமே?" நானும் சிரித்துவைத்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பாம்பு அறையில் எல்லாரும் சுகம். இரும்புப் பொரியல் சட்டியை நீ எடுத்துக்கொண்டு போனதுதான் வருத்தம். புதுச் சட்டியில் எதைப் போட்டாலும் ஒட்டிக்கொள்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். சிலந்தி ரகப் பாம்புகளை இந்த வருடம் நான் இனச்சேர்க்கைக்கு விடவில்லை, ஒரு ஜோடிகூட. உடம்பெல்லாம் வலை பின்னியதுபோல் கோடு ஓடும் அந்த அழகுக்காகத்தான் இந்த மலைப்பாம்புகளை பத்துப் பன்னிரண்டு வருடமாக வளர்த்தோம். அந்தக் கோடுகளைக் கொடுக்கும் ரத்தம்தான் தலையையும் நடுங்க வைக்கிறது என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவையும் தின்கின்றன, வளர்கின்றன, நீண்ட நாள் இருக்கின்றன. நம் பாதிரியாரின் சப்பை மூக்கு நாய் மூச்சு விடவே திணறுகிறது, சபை முழுவதும் அதைத் தூக்கிக் கொஞ்சுகிறது. சரி, வாதம் வேண்டாம். நீ சொன்னபடி நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வா.

உன்
வெர்லின்


டுலூத், மினசோட்டா
பிப்ரவரி 20, 2014

அன்புள்ள வெர்லின்,

கடிதம் கிடைத்தது. ரோடா உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மன்னிப்புக் கடுதாசி இவ்ளோ மெல்லிசாவா இருக்கும்?" என்று கேட்டாள். பாத்திரம் நான்தான் கழுவுகிறேன். சட்டி என் அம்மாவுடையது, அது திரும்பி வராது.

டார்சியிடம் நீ என்ன காரணம் சொல்லியிருப்பாய்? பாம்புக்காகப் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? சலைனாவிலிருந்து மார்லிஸ் டீச்சர் வந்த அன்று நீ கொட்டகைக்குப் போய்விட்டாய். நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார். நம்மிடம் வாங்கிய குட்டி மல்லாந்து கிடந்தது. தன்னைத் திருப்பிக்கொள்ளப் பார்த்துப் பார்த்து, திருகி, மறுபடியும் மல்லாந்தது.

"பசியோடதான் இருக்கு. எலியப் பாத்ததும் வாயத் தெறக்குது, தலை வேற பக்கம் போயிருது. மூணு மாசமா நான் கையால ஊட்டுறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் பொறக்க வச்சீங்களா?" என்று கேட்டார்.

"அது அதோட சுபாவம்ங்க" என்றேன். வருடக்கணக்காக எல்லாரிடமும் சொன்ன அதே பதில். அவர் கோபப்படவில்லை. பெட்டியை மூடி, மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அந்த நாயைப் பற்றி எழுதியிருந்தாய். அதுவும் தவறுதான் வெர்லின். ஒரு தவறைக் காட்டி இன்னொன்றைச் சரி என்று சொல்ல முடியாது. தானாக நோயோடு பிறந்த ஒன்றை வைத்துக் காப்பாற்றுவது வேறு. நோய் வரும் என்று தெரிந்தே நாம் ஜோடி சேர்க்கிறோம். நாம் கைவைக்காவிட்டால் உலகத்தில் இப்படி ஒரு குட்டிகூடப் பிறக்காது.

நீ நிறுத்திவிட்டாய் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. இருப்பவை நம்மோடு இருந்து வயதாகிப் போகட்டும், புதிதாக மட்டும் வேண்டாம். ஈஸ்டருக்குள் வருகிறேன். உன்னைத் தேடுகிறது. ரோடாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அன்புடன்
கொரின்


ஹட்சின்சன்
மார்ச் 16, 2014

என் கொரின்,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. சமையலறைக்கு நீ ஆசைப்பட்ட மஞ்சளை அடித்துவிட்டேன். பின்வாசல் கதவு இப்போது ஒரே தள்ளில் சாத்திக்கொள்கிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படாமல் படி. மேபல் போன திங்கட்கிழமை முட்டையிட்டாள். ஆறு. நவம்பரில் ஒரு சாதா ஆணோடு விட்டிருந்தேன். முதல் கடிதத்தில் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போது மேபல் நினைவுக்கு வந்தாள், இருந்தும் எழுதிவிட்டேன்.

ஆனால் மேபலை நீயே பார்த்திருக்கிறாய். சிலந்தி ரகம் என்று சொன்னால்தான் தெரியும், அத்தனை நிதானம். அவள் தாயும் அப்படி, பாட்டியும் அப்படி. நிதானமானதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து இந்த நடுக்கத்தையே ரத்தத்திலிருந்து எடுத்துவிட முடியும் என்று நான் சொன்னேனே, இது மூன்றாம் தலைமுறை. இதில் தெரிந்துவிடும். ஆறும் நிமிர்ந்த தலையோடு வந்தால், நாம் செய்த பிழையை நாமே திருத்தியதாக ஆகாதா? மே மாதம் வரை பொறுத்துக்கொள்.

உன்
வெர்லின்


டுலூத்
மார்ச் 25, 2014

வெர்லின்,

இரண்டு நாள் எழுதப் பிடிக்கவில்லை. "விடவில்லை, ஒரு ஜோடிகூட" என்று உன் கையால் எழுதியிருந்தாய். நான் அதை ரோடாவிடம் வாசித்துக் காட்டினேன்.

தாய் நிதானமாக இருந்தால் பிள்ளையும் நிதானமாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. லேசாக நடுங்கும் தாய்க்கு உருண்டு புரளும் குட்டி பிறந்ததை நம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். கோடுகளையும் நடுக்கத்தையும் பிரிக்க முடியாது. வளர்க்கிறவர்கள் எல்லாரும் உன்னைப்போலத்தான், என் வீட்டில் மட்டும் பிரியும் என்று நினைக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. பொரிந்ததும் எப்படி இருக்கின்றன என்று உள்ளதை உள்ளபடி எழுது. எப்படி இருந்தாலும் விற்காதே. நீ தோற்றிருந்தாலும் உண்மையை எழுதினால் நான் கிளம்பி வருகிறேன். எனக்கு நீ ஜெயிக்க வேண்டியதில்லை.

கொரின்


ஹட்சின்சன்
மே 12, 2014

என் கண்ணே கொரின்,

ஆறும் பொரிந்துவிட்டன. நான்கு சிலந்தி, இரண்டு சாதா. ஆறும் நிமிர்ந்த தலையோடு கல்லுப்போல உட்கார்ந்திருக்கின்றன. நான் சொன்னேன் அல்லவா? எந்த நாள், எந்தப் பேருந்து என்று மட்டும் எழுது, நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன்.

உன்
வெர்லின்


டுலூத்
ஜூன் 3, 2014

வெர்லின்,

உன் கடிதம் வந்த அன்றே பெட்டி கட்டினேன். ரோடா ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். "உன் ஆளு ஜெயிச்சிட்டான் போல. போ, போய் ரெண்டு பேரும் ஒழுங்கா இருங்க" என்றாள். பேருந்து நேரம் பார்க்கக் கணினியைத் திறந்தவள், ஆசையில் நம் கடைப் பக்கத்தையும் திறந்தேன். குட்டிகளைப் பார்க்கலாமே என்றுதான். நீ விற்பனைக்குப் போட்ட வீடியோவைப் பார்த்தேன்.

நடுப்பகலில், அவை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது எடுத்திருக்கிறாய். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் சுருட்டி, தாடையை உன் கட்டைவிரலில் சாய்த்து வைத்திருக்கிறாய். அப்படி வைத்தால் எந்தத் தலையும் ஆடாது. அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். விலை சொல்வதற்கு முன்னால் படம் எடு, இப்படிப் பிடித்து எடு என்று நான்தான் சொன்னேன். அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எத்தனை மார்லிஸ்கள் என் சொல்லை நம்பி வாங்கிப்போனார்களோ.

ஒருமுறை உன் விரல் நழுவியது. அரை நொடிதான். தலை எப்படிப் போனது என்று பார்த்தேன்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆறு என்று எழுதினாய். படத்தில் இரண்டு சாதா, மூன்று சிலந்தி. இன்னொன்று எங்கே?

கொரின்


ஹட்சின்சன்
ஜூன் 11, 2014

கொரின்,

நான்கும் நடுங்கின. மூன்று கொஞ்சமாக. நான்காவது முட்டையை விட்டு வரும்போதே மல்லாந்து வந்தது. நிமிர்த்தி வைத்தேன், புரண்டது. மறுபடி நிமிர்த்தினேன். உனக்கு மே 12 கடிதத்தை எழுதும்போது அது என் பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேரே வந்து, கடைசியில் தலை விலகி, கிண்ணத்தைத் தாண்டிப் போகும். திரும்பி வரும், மறுபடியும் தாண்டும். பத்து நாள் அப்படித் தேடியது.

அதைத் துணிப்பையில் போட்டுக் கொட்டகையில் உள்ள உறைகுளிர்ப் பெட்டியில் வைத்தேன். மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாம். கொண்டுபோனால் ஏன் இதைப் பிறக்க வைத்தாய் என்று அவர் கேட்பார். பை அசைவது நிற்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். இது முதல் தடவை இல்லை.

ஒவ்வொரு வருடமும் சில குட்டிகள் முட்டைக்குள்ளேயே செத்துவிட்டன என்று உன்னிடம் சொல்வேன். நீ, "பாவம், வெளிச்சத்தையே பாக்கலையே" என்பாய். அவற்றில் பாதி முட்டைக்குள் சாகவில்லை. நீ காலையில் தேவாலயத்துக்குக் கேக் கொண்டுபோன ஞாயிறுகளில் நான் தலைவலி என்று வீட்டில் இருந்தேனே, அப்போதுதான். அவற்றுக்கு ஒரு வேதனையும் இல்லை என்று உன்னோடு வாதாடினேன். வேதனைப்பட்டவற்றை நீ பார்க்கவில்லை, நான் பார்க்க விடவில்லை.

விற்பனையை எடுத்துவிட்டேன். மூன்றும் இங்கேயே இருக்கும். மேபலையும் இனி எந்த ஆணோடும் விட மாட்டேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை.

உண்மையை எழுதினால் வருவதாகச் சொல்லியிருந்தாய். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள், அதனால் கிளம்பிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு என் இந்தக் கைகளுக்கு எதிரே உன்னால் சாப்பிட உட்கார முடியாது. வர வேண்டாம் கொரின்.

வெர்லின்