யானைப் பாட்டில் ஒரு கீறல்

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா போன பிறகு இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றுதானே போனீர்கள். அங்கேயாவது உனக்கும் அத்தானுக்கும் தூக்கம் வருகிறதா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அலுவலகம் போகிறேன், வருகிறேன்.

வீட்டைக் காலி செய்யும் வேலை பாதி முடிந்தது. சிடிக்களைக் கணினியில் ஏற்றி அனுப்பச் சொன்னாயே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இப்போதைய கணினிகளில் சிடி போட இடமே கிடையாது. தனியாக ஒரு டிரைவ் வாங்கப் போனேன். கடைக்காரர், "சிடியா? அதை பால்கனியில புறா விரட்டக் கட்டித் தொங்க விடறாங்க மேடம்" என்றார். ஆனாலும் உள்ளே தேடி, தூசி தட்டி ஒன்று கொடுத்தார்.

அடுத்தது, எந்த மென்பொருள் என்ற குழப்பம். கணினியோடு வந்தது வேகமானது. காபி ஆறுவதற்குள் ஒரு சிடியை முடித்துவிடும். ஆனால் சரியாகப் படித்ததா, குத்துமதிப்பாக இட்டு நிரப்பியதா என்று சொல்லாது. இன்னொன்று இலவசம், பார்க்க வங்கி விண்ணப்பம் போல இருக்கிறது. அது ஒவ்வோர் இடத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கிறது. உலகத்தில் வேறு யாராவது அதே சிடியை ஏற்றியிருந்தால், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்கிறது. இதைத்தான் எடுத்தேன். அத்தானுடையவை, உன் வயலின் சிடிக்கள் எல்லாம் பிசிறில்லாமல் வந்துவிட்டன.

கீறல் விழுந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிடு என்று போனில் சொன்னாய். போட்டேன், நீல சிடியைத் தவிர. அதைத்தான் பாப்பா தரையில் சக்கரமாக உருட்டுவாள், பொம்மைக்குச் சோறு போடும் தட்டாக வைப்பாள். அதிலுள்ள யானைப் பாட்டில் கீறல் விழுந்த இடம் வந்ததும் "குளி குளி குளி" என்று சிக்கிக்கொள்ளும். அத்தான் எழுந்துபோய் ப்ளேயரின் தலையில் தட்டுவார்; அப்புறம்தான் யானை குளிக்கப் போகும். பாப்பா பாட்டையே அப்படித்தான் கற்றுக்கொண்டாள், தன் தலையில் தானே தட்டிக்கொள்வது உட்பட. பள்ளியிலிருந்து வந்து என்னிடம் சொன்னாள்: "டீச்சருக்கு அந்தப் பாட்டு சரியா வரல சித்தி, பாவம்."

நல்ல மென்பொருள் அந்தக் கீறலோடு காலையிலிருந்து மல்லுக்கட்டியது. மதியம், பிழை எதுவுமில்லை என்றது. போட்டுக் கேட்டேன். யானை நேராகப் போய்க் குளித்துவிட்டு வந்தது. நல்ல பாட்டுத்தான். நான் அதுவரை அதைச் சிக்காமல் முழுதாகக் கேட்டதே இல்லை. வேகமானதிலும் ஏற்றிப் பார்த்தேன். அந்த இடத்தில் வெறும் கரகரப்பு.

பிறகு உங்கள் ப்ளேயரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கணினிக்கு ஒரு வயர் கொடுத்து, அது பாடுகிறபடியே பதிவு செய்தேன். இதற்கு எந்த மென்பொருளும் போதும். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். யானைப் பாட்டு மட்டும் இரண்டு இருக்கும். சரியானது மற்றப் பாட்டுகளோடு இருக்கிறது. மற்றது தனி ஃபோல்டரில். அதற்குப் பெயர் வைக்கவில்லை.

நீ கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அழிக்க மட்டும் வேண்டாம். கேட்பதானால் அத்தானும் பக்கத்தில் இருக்கட்டும். அந்த இடத்தில் தட்டுகிற சத்தம் வரும். அது நான்தான். அவர் அளவுக்கு எனக்குத் தட்ட வரவில்லை. மூன்றாவது தட்டில்தான் நகர்ந்தது.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் தங்கை