பிரிண்டர் பிடித்துக்கொண்ட முகவரி

ஜூன் 9, திங்கள்

என் கணினியின் ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது. உறுதி செய்தவர், காலையில் பிரித்துப் பார்த்த கணினிப் பிரிவுப் பெண். கொதிகலன் வெடிப்பில் பிழைத்த தொழிலாளியின் பேட்டி அதில்தான் இருந்தது. முன்கூட்டியே மேலாளரை எச்சரித்ததை அவர் சொல்லும் ஒரே பதிவு. ஆள் போன மாதம் இறந்துவிட்டார். விசாரணை நீதிபதி பதிவைக் கேட்டிருக்கிறார். ரெக்கார்டரில் இல்லை, கணினிக்கு மாற்றியதும் அழித்துவிடுவதுதான் எங்கள் பத்திரிகையில் வழக்கம்.

"பேக்கப் பெட்டி இருக்குல்ல சார், ஏன் பயப்படுறீங்க?" என்றார் அவர். எல்லாக் கணினிகளின் கோப்புகளையும் தினமும் நகலெடுத்து வைக்கும் பெட்டி அது.

ஜூன் 10, செவ்வாய்

நெட்வொர்க்கில் பெட்டியைத் தேடினால், கணக்குப் பிரிவின் புதுப் பிரிண்டர் பதில் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே முகவரி எண். பிரிண்டர் வந்த அன்று பெட்டி அணைந்திருக்கிறது. எண் சும்மா இருக்கிறதென்று யாரோ அதைப் பிரிண்டருக்குக் கையால் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் நகல்கள் பிரிண்டரின் வாசலில் முட்டித் திரும்பியிருக்கின்றன.

"ஒரு தாளை ஒழுங்கா அடிக்கத் துப்பில்ல, உங்க பேக்கப்பை முழுங்கிடுச்சா?" என்றார் கணக்காளர். நான் சிரிக்கவில்லை.

இறந்துபோன தொழிலாளியின் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?

ஜூன் 11, புதன்

பிரிண்டரைக் கழற்றியாயிற்று. பெட்டி தன்னைச் சோதித்து முடிக்கும்வரை கோப்புகளைத் திறக்க முடியாது. நகல் எடுத்த தேதிகள் மட்டும் தெரிகின்றன. பிரிண்டர் வந்த பிறகு எடுத்தவை அத்தனையும் ஞாயிறு! கணக்குப் பிரிவுக்கு விடுமுறை, பிரிண்டர் அணைந்திருக்கும் நாள்.

பேட்டி எடுத்தது சனிக்கிழமை. ஞாயிறுகளில் என் கணினி வழக்கமாக ஓடாது; அந்த மறுநாள் ஓடியதா? நினைவில்லை. வீட்டில் கேட்டேன்.

"அந்த ஞாயித்துக்கிழமைதானே என் தங்கச்சி வீட்டுக்கு வராம ஆபீசே கதின்னு கெடந்தீங்களே, அதுக்குள்ள மறந்துபோச்சா? அவ இன்னும் பேசமாட்டேங்கிறா" என்றாள் மனைவி.

ஜூன் 12, வியாழன்

சோதனை முடியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பேட்டி இருக்கிறது. முழுவதும் கேட்டேன். இருமல், பிறகு அந்தக் குரல்: "சொன்னேன்யா. போய் வேலையப் பாருன்னான்."

அந்த முகவரி எண்ணை இனி பெட்டிக்கு மட்டுமே தரும்படி ரவுட்டரில் ஒதுக்கிவிட்டார் கணினிப் பிரிவுப் பெண். பிரிண்டருக்கு வேறு எண்.

தொழிலாளியின் மனைவிக்குப் போன் செய்தேன். "நீதிபதிகிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒருதரம் போட்டுக் காட்டுவீங்களா ஐயா? அவரு குரல் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல."

நகல் சாட்சியமாகச் செல்லுமா என்பதை நீதிபதி வரும் வியாழக்கிழமை சொல்வார். அந்த அம்மா திங்கள் காலை வருகிறார்.