ஞாயிற்றுக்கிழமைப் பாதை

செப்டம்பர் 25, புதன்

முழங்கால் வலி. இருந்தும் இரண்டாவது சைக்கிள் சுற்றுப்பாதையின் மேல்பகுதியை இன்று ஓட்டிப் பார்த்தேன். கீழே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நல்ல சரளைப் பாதை. மேலே முகட்டில், காட்டுக்குள்ளும் நல்ல பாதை. இரண்டையும் இணைப்பது ஒன்றே ஒன்றுதான்: வேட்டைச் சங்கத்தின் காட்டு வழி. அதை விட்டால் மரலாரிகள் ஓடும் தார் ரோடு. தார் ரோட்டில் போவதற்கு லியோன் நகரத்திலிருந்து யாரும் தடித்த டயர் சைக்கிளோடு இங்கே வரமாட்டார்கள் என்கிறாள் டெல்ஃபின். சுற்றுலா அலுவலகத்தில் என் மேலதிகாரி. என்னைவிட வெகு இளையவள், எல்லாவற்றிலும் நம்பிக்கை உள்ளவள்.

சைக்கிள் பாதைகள் இந்த மலையூர்களைத் தூக்கி நிறுத்தும் என்று அறிக்கை எழுதியது நான்தான். நம்பி எழுதவில்லை. நன்றாக எழுதினேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 28, சனி

தம்பி ஃப்ளோரானின் திராட்சை அறுவடை முடிந்தது. அவன் கொட்டகையில் ரெவோல், அறுவடை முடிந்ததும் வைக்கும் விருந்து. பழம் பறித்தவர்கள், அக்கம்பக்கத்தார், வேட்டைச் சங்கத் தலைவர் மரியூஸ், எல்லாரும் வந்திருந்தார்கள். திராட்சைச் சக்கையில் வெந்த தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு, போன வருடத்து ஒயின். மரியூஸ் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து காட்டு வழியைப் பற்றிக் கேட்டேன்.

"தாராளமா விடும்மா. காடு என்ன என் மாமனார் சொத்தா?" என்றார். மேசையே சிரித்தது. என் கிளாஸை நிரப்பினார்.

இவ்வளவு சுலபமா?

செப்டம்பர் 30, திங்கள்

வரைபடத்தில் கோடு போட்டாயிற்று. டெல்ஃபின் மதியத்துக்குள் வழித்தடத்தை இணையத்தில் ஏற்றிவிட்டாள். இனி யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம். சங்கம் சம்மதித்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஃப்ளோரானிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"ரெவோல்ல சொன்னதை நம்பியா கோடு போட்டே? என் கொட்டகைல, என் ஒயினைக் குடிச்சுக்கிட்டு அவர் யாருக்கு இல்லைன்னு சொல்வார்? அடுத்த நாள் காலைல வீட்டுக்குப் போய் மறுபடி கேக்கணும்க்கா. அப்ப சொல்றதுதான் பேச்சு. நீ எந்த ஊர்ல பொறந்தே?"

அவன் பிறந்த அதே வீட்டில்தான். எனக்கும் தெரியும். தெரிந்தும், அந்தச் 'சரி' எனக்குத் தேவையாக இருந்தது. மரியூஸை இந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. போகவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

எழுத மனமில்லை.

டெல்ஃபின் ஏற்பாடு செய்த வெள்ளோட்டம் இன்று. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேட்டை நாள் என்று சொல்லிப் பார்த்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு எந்த நாள் என்றாள். வாதாடக் களைப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். முகட்டிலிருந்து இறங்கினோம். 'வேட்டை நடக்கிறது' பலகையை அவர்கள் கீழ் முனையில் வைத்திருந்தார்கள், ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள் என்பதால். பாதி இறக்கத்தில் ஊதுகொம்பு கேட்டது. நிற்கச் சொன்னேன் — சொன்னேனா? கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கத்த வராது. முன்னால் போனவர் லியோனிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், வளைவில் நல்ல வேகம். புதரிலிருந்து நாய் குறுக்கே பாய்ந்தது.

மரியூஸின் பெட்டை நாய், ரஃபால். இடுப்பெலும்பு போய்விட்டது. பல் மருத்துவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

"இந்த ஊர்ல நாயைக் கட்டிப் போடவே மாட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

"உங்களை யாரு சார் அவுத்து விட்டது?" என்றார் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட வேட்டைக்காரர் ஒருவர்.

மரியூஸ் நாயின் அருகே வந்தார். துப்பாக்கியை மடித்துத் தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டார். கோட்டைக் கழற்றி நாயைச் சுற்றித் தூக்கினார். போகும்போது என்னைப் பார்த்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

நாய் பிழைக்கும். இனி ஓடாது.

நவம்பர் 10, ஞாயிறு

காலையெல்லாம் வேட்டுச் சத்தம் எதிர்ச் சரிவிலிருந்தே வந்தது. போன வாரமும் அப்படித்தான். எங்கள் பக்கக் காட்டில் ஒரு நாயின் கழுத்துமணிகூடக் கேட்கவில்லை. நான் இன்னும் மரியூஸிடம் போகவில்லை. என்ன சொல்வது? அலுவலகத்தின் சார்பில் வருந்துகிறோம் என்றா?

நவம்பர் 21, வியாழன்

ஊரில் புது ஒயின் திறக்கும் நாள். சதுக்கத்தில் வாத்தியக்குழு. கூட்டம் பிடிக்காமல் ஃப்ளோரானின் மேல் தோட்டத்துக்கு சைக்கிளை விட்டேன். காட்டின் ஓரமாக இருப்பது. அப்பாவின் கொடிகள் வறட்சியில் பட்டுப்போக, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போன வசந்தத்தில் புதிதாக நட்டிருந்தான்.

கலப்பை போட்டு உழுததுபோல் கிடந்தது மண். இளங்கொடிகள் வேரோடு புரண்டு கிடந்தன. ஃப்ளோரான் மண்டியிட்டு, பிழைக்கக்கூடியதை மட்டும் திரும்ப ஊன்றிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?"

"காட்டுப்பன்னி."

"மின்கம்பி போட்டிருக்கியே?"

"அது அடில புகுந்து வருது." நிமிரவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆனா மேல முள்ளுப்புதர்ல நாயை விட்டுக் கலைப்பாங்க. அதனால பன்னி இந்தப் பக்கம் தங்காது. இப்ப விடறதில்ல. 'உங்க அக்காவோட சைக்கிள்காரங்க வர்ற இடம், நமக்கெதுக்கு வம்பு'ங்கறார் மரியூஸ். ரொம்ப மரியாதையாத்தான் சொல்றார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. மறுநாள் போய்க் கேளுன்னு சொன்னேனா இல்லையா?" அப்புறம் மண்ணைப் பார்த்தே சொன்னான்: "குளிர்காலம் பூரா இப்படியே போச்சுன்னா இதை விட்டுடறேன். மறுபடி மொத்தமா நட எனக்குத் தெம்பு இல்லக்கா."

கீழே வாத்தியம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நவம்பர் 23, சனி

மரியூஸ் வீடு. காலையில் போனேன். சமையலறையில் அடுப்போரம் ரஃபால் படுத்திருந்தது. என்னைக் கண்டு வாலாட்டியது. அது வாலாட்டாமல் இருந்திருக்கலாம்.

காபி கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். வரைபடத்திலிருந்து கோட்டை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்து? போன ஞாயிறும் மூணு பேர் வந்தானுங்க. போனைக் காட்டறான், 'இதுல இருக்கு பாருங்க'ங்கறான். உன் கோடு இப்ப எத்தனை போன்ல இருக்குன்னு உனக்கே தெரியாது. அது என் ஆளுங்க துப்பாக்கியோட நிக்கற இடம்மா. நாய்க்குப் பதிலா மனுஷனா இருந்தா?"



"என் தம்பி தோட்டம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேன். எனக்கு மட்டும் சந்தோஷமா?"

"ரெவோல்ல நீங்க சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன். அன்னிக்கு நீ என் பல்செட்டைக் கேட்டிருந்தாலும் கழட்டிக் குடுத்திருப்பேன்." சிரிக்காமல் சொன்னார். "நீ வெளியூர்க்காரி இல்லையே."

"இப்போ காலை. ஒயின் இல்லை, காபிதான். இப்போ கேட்கிறேன். அந்தச் சரிவில் மறுபடி நாயை விடுவீங்களா?"

வெகுநேரம் நாயைத் தடவினார்.

"விடறேன். ஆனா மேல் முனைல ஒரு ஆள் வேணும், வர்றவனைத் திருப்பி அனுப்ப. என் ஆளுங்க சொன்னா சண்டைக்கு வர்றானுங்க. வரச் சொன்னவ நீதானே. நீயே நில்லு."

டிசம்பர் 1, ஞாயிறு

நின்றேன். குளிர். ஆரஞ்சு மேல்சட்டை எனக்கு ரொம்பப் பெரியது. கீழே முள்ளுப்புதரில் நாய்கள் குரைத்தன.

டிசம்பர் 3, செவ்வாய்

டெல்ஃபினுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நிற்பது அலுவலகத்தின் பொறுப்பல்ல என்று எழுத்தில் வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது சுற்று இனி தார் ரோடு வழியாகத்தான். "அப்புறம் யார் வருவா?" என்றாள். அந்த அறிக்கையை நான் எழுதியபோதே அவள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஒருவரும் வரவில்லை. ஆனாலும் நிற்க வேண்டும். தோட்டத்தில் பார்த்த நாளுக்குப் பிறகு ஃப்ளோரான் என்னோடு பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கடும் மூடுபனி. இரண்டு பேர் வந்தார்கள், கணவன் மனைவி, முகமெல்லாம் சேறு.

"போன்ல பாதை திறந்திருக்குன்னுதானே காட்டுது. யாருங்க இதையெல்லாம் போடறது?" என்றார் அவர்.

"நான்தான்."

என் சட்டையைப் பார்த்தார், நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "வா, திரும்பலாம்" என்றாள்.

பத்து மணி இருக்கும், கீழிருந்து யாரோ நடந்து வரும் சத்தம். ஃப்ளோரான். பக்கத்தில் வந்து நின்றான். கைகள் பைக்குள். இருவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த வாரமும் பன்னி கிளறல" என்றான்.

நான் காலணிச் சேற்றைக் கல்லில் தேய்த்தேன்.

"கொடி போன இடத்துல மட்டும் மார்ச்ல திரும்ப நடலாம்னு இருக்கேன். குழி போட ஒரு ஆள் வேணும்."

"பன்றி வேட்டை முடியற வரைக்கும் ஞாயிறு முடியாது."

"தெரியும். சனிக்கிழமை வா."

கீழே கொம்பு ஒலித்தது. அவன் உடனே இறங்கிப் போய்விடவில்லை.