ஹோலிஸின் ஞாயிற்றுக்கிழமைத் தலைசுற்றல்

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று ஒரு முட்டாள்தனம். ஓர் அம்மாளுக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. 'மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். ஆறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்த பழக்கம். கை தானாக எழுதிவிட்டது.

மதியம் உதவியாளர் வாண்டா திரையை என் பக்கம் திருப்பினாள்.

"யாருக்குடி தெரிவிச்சே?"

யாருக்கு? மருந்து எழுத வேண்டியவள் நானே. மேற்படிப்பு முடித்து, உரிமம் வாங்கி, புதியவர்களுக்கான ஓராண்டு ரெசிடென்சிப் பயிற்சிக்கு இந்தக் கிளினிக்கில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. சட்டையில் குத்திய அட்டை சொல்கிறது: லோர்னா, நர்ஸ் பிராக்டிஷனர். நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம். இருந்தும் யாரோ வந்து முடிவு சொல்வார் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டு மருந்து சொன்னேன். குரல் நடுங்கவில்லை. கொஞ்சம் நடுங்கியது.

செப்டம்பர் 24

எனக்கென்று நோயாளிகள். இருபத்தேழு பேர். பட்டியலை மூன்று முறை படித்தேன். பெயர்களைப் படிப்பதில் இவ்வளவு சுகமா?

செப்டம்பர் 30, செவ்வாய்

பட்டியலில் முதல் பெயர் ஹோலிஸ் ஆலி. ஐம்பத்தெட்டு வயது. சிங்கி இறால் பிடிப்பவர். படகிலிருந்து நேரே வந்திருந்தார்; முழங்கால் பூட்ஸ், இரைமீன் நாற்றம். இரத்த அழுத்தம் 192/108. மறுபடி பார்த்தேன். 190.

மகள் டெலியா சுவரில் சாய்ந்து நின்றாள். அவரோடு அதே படகில் வேலை பார்க்கிறாள். அவர் கூடுகளைத் தூக்க, அவள் இறாலை எடுத்து இரையை நிரப்புகிறாள்.

"நீ நாலாவது ஆளும்மா," என்றார். "முதல் ஆளு ரெண்டு மாத்திரைய ஒண்ணாக்கினாரு. அடுத்தவரு அதைப் பெருசாக்கினாரு. மூணாவது அம்மா இன்னும் பெருசாக்கிட்டு, உப்பைக் குறைன்னாங்க. கடல்ல இருக்கிறவன்கிட்ட."

"மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா?"

"பாட்டில் மாசாமாசம் வந்துடுது."

சிறுநீரகம் நூறுக்கு நாற்பத்தொன்றுதான் வேலை செய்கிறது. போன வருடம் ஐம்பத்தைந்து. அவருடைய அப்பா ஐம்பத்தொன்பதில், படகிலேயே, பக்கவாதத்தில் விழுந்தவர்.

"கிட்னி இன்னும் இறங்கினா?" என்றாள் டெலியா.

மறைக்கவில்லை. "ரொம்ப இறங்கினா டயாலிசிஸ். வாரம் மூணு நாள் எல்ஸ்வொர்த் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வாரம் மூணு நாள் கட்டிப்போட படகு எதுக்கு? வித்துட வேண்டியதுதான்."

"உன் பேரை எழுதி வச்சிருக்கே," என்றார் ஹோலிஸ். "எவன் வாங்குவான்?"

படகின் பெயர் 'டெலியா மே'. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 1

பழைய பதிவுகளைத் தோண்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் வசந்தம் வரை 130, 134, 128. அதன் பிறகு ஏணிபோல் ஏற்றம். அந்த வசந்தத்தில் இவர் உடம்புக்குள் என்ன நடந்தது?

அக்டோபர் 8

டெலியா கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆனா அப்பாவுக்குத் தலை சுத்துது. போன வாரம் சர்ச்சுல பாட்டு நடுவுல வெளுத்துப்போய் உக்காந்துட்டாரு."

"மத்த நாள்ல?"

"கல்லு மாதிரி நிப்பாரு."

அடங்காத அழுத்தம். திடீர் வெளுப்பு. விட்டு விட்டு வரும் மயக்கம். புத்தகத்தை எடுத்தேன். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பியில் ஒரு கட்டி. லட்சத்தில் ஒருவருக்கு. பக்கம் முழுக்க அடிக்கோடிட்டேன்.

மூன்று பேர் தவறவிட்டதை நான் பிடித்துவிட்டேன்! – இதில் எனக்கு ஏன் இத்தனை மகிழ்ச்சி? ஒரு மனிதருக்குக் கட்டி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா?

ஆசைப்படுகிறேன். எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் கூட்டம். திரையில் ஒன்பது முகங்கள், ஒன்பது ஊர்கள், எல்லோரும் என்னைப்போல் புதியவர்கள். ஹோலிஸின் கதையை அழகாகச் சொன்னேன். அழகாகச் சொன்னதுதான் தப்போ?

எங்கள் மேற்பார்வையாளர் மார்கிட், எங்கள் சந்தேகங்களுக்காகவே நாளெல்லாம் நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிஸ்தா உடைப்பவர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உடைப்பதை நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வேலைக்கு வர்ற கட்டியா?"

ஒன்பது முகங்களும் சிரித்தன.

"சோதிச்சுப் பாத்துடலாமே," என்றேன்.

"பாரு. உன் கையெழுத்துதானே."

வெளியே வந்தால் வாண்டா. "இந்த மாசம் இது மூணாவது அபூர்வ நோய். உங்க காலேஜ்ல ஜலதோஷம்னு ஒரு பாடமே கிடையாதா?"

அக்டோபர் 14, செவ்வாய்

முழுதாக எழுத வேண்டும்.

ஹோலிஸ் தனியாக வந்தார். டெலியா இறாலை எடைபோடக் கொடுக்கப் போயிருந்தாள். கட்டிச் சோதனைக்கான மூன்று லிட்டர் பிளாஸ்டிக் ஜாடியை மேசையில் வைத்தேன்.

"ஒரு நாள் முழுக்கப் போற யூரின் எல்லாம் இதுக்குள்ள. படகுக்கும் எடுத்துட்டுப் போங்க. இரைமீன் பெட்டியில ஐஸ் இருக்குமே, அதுல வச்சுக்கலாம்."

அவர் ஜாடியையே பார்த்தார். காது சிவந்தது.

"ஞாயித்துக்கிழமை பண்றேனே."

"வேலை நாளும் ஒண்ணு இருந்தா நல்லது."

"படகுல முடியாதும்மா."

"ஏன்?"

"டெலியா இருக்கா."

எனக்குப் புரியவில்லை. அவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"முன்னாடி என் மச்சான் ரெக்ஸ் வந்துட்டிருந்தான். ஆம்பிளைங்க. ஓரமா நின்னா முடிஞ்சுது. இப்ப மக. முப்பதடிப் படகு, மறைவு எங்க இருக்கு?"

"அவ எப்படிச் சமாளிக்கிறா?"

"வாளி வச்சிருக்கா. 'அப்பா, திரும்பிக்க'ன்னு கத்துவா. அவளுக்கு வெக்கமே கிடையாது. அம்மா மாதிரி."

"நீங்க?"

"அடக்கிக்குவேன்."

"பத்து மணி நேரமா? நீர் பிரியற மருந்தைப் போட்டுக்கிட்டா?"

வெளியே வாண்டா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அதைப் போட்டா எப்படிம்மா அடக்க முடியும்?" என்றார்.

ரெக்ஸ் போய் டெலியா வந்தது எப்போது என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன், வசந்தத்தில்.

அழுத்தத்துக்கான மருந்தும் நீர் மருந்தும் ஒரே மாத்திரையில். சௌகரியத்துக்காக ஒருவர் சேர்த்தது. ஒன்றை விட்டால் இரண்டும் போச்சு. கடலுக்குப் போகும் ஆறு நாளும் எதுவுமே இல்லை. அழுத்தம் இறங்கவில்லை என்று இரண்டு முறை அளவைக் கூட்டினோம். ஞாயிறு ஒரு நாள் மட்டும், கூட்டிய அளவை முழுதாக விழுங்கிவிட்டுச் சர்ச்சுக்குப் போகிறார். தலை சுற்றாமல் என்ன செய்யும்?

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். பாட்டில் வருகிறது என்றார். என் கேள்விக்கு அது பதிலே இல்லை. இருந்தும் படிவத்தில் 'ஆம்' என்று நான் டிக் அடித்திருக்கிறேன்.

மார்கிட்டைக் கேட்க எழுந்து கதவு வரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டையும் பிரிச்சுடலாம். அளவையும் பழையபடி குறைக்கிறேன். பிரஷருக்கான வெள்ளை மாத்திரை காலையில, கிளம்பும்போது. அது உங்களைத் தொந்தரவு பண்ணாது. நீர் மாத்திரை கரைக்கு வந்த பிறகு. எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஒரு மணி. ஒன்றரை."

"படுக்கப் போறதுக்குள்ள அதோட வேலை முடிஞ்சுடும்."

தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு நினைக்கிறேன்."

"டெலியாகிட்டச் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

அவரை உட்காரவைத்துவிட்டு நடைக்கு வந்து மார்கிட்டிடம் சொன்னேன். பிஸ்தா பாதியில் நின்றது.

"என்கிட்டக் கேக்கிறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

"சரி, போ."

ஜாடியை வாண்டாவிடம் திருப்பிக் கொடுத்தேன். "கட்டி?" என்றாள்.

"இப்போதைக்கு இல்ல."

காரில் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். அழுகையா என்றும் பார்த்தேன். சிரிப்புதான்.

நவம்பர் 4

164/94. இறங்கியிருக்கிறது. போதாது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் இவருக்கு இன்னொரு மாதம் வீண். மனதில் ஜாடி வந்து நிற்கிறது. பொறுத்துப் பார்க்கிறேன், ஒரு மருந்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

நவம்பர் 14, வெள்ளி

கூட்டத்தில் ஒத்துக்கொண்டேன். கட்டி இல்லை, அபூர்வம் இல்லை, நேரத்தை மாற்றினேன் – அவ்வளவு. பெயர் சொல்லாமல் முழுக் கதையும். இந்த முறை அழகாகச் சொல்ல முயலவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நெப்ராஸ்காக்காரன் மட்டும், "என்கிட்ட நாலு லாரி டிரைவர் இருக்காங்க," என்று சொல்லிவிட்டுக் குனிந்து எதையோ எழுதினான்.

ஜனவரி 20

138/84. ஆனால் குளிர்காலம்; படகு கரையில். மகளும் வேறு வேலையில். இந்த எண்ணை நம்பமாட்டேன்.

பிப்ரவரி 11

ஒரே நாளில் பன்னிரண்டு பேர். ஒரு முழங்காலுக்கு ஊசி போட்டேன். ஒருத்திக்குக் கர்ப்பம் என்று சொன்னேன். ஒருவருக்கு இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னேன். மார்கிட்டின் நாற்காலிப் பக்கம் ஒரே ஒரு முறை போனேன். அதுவும் பிஸ்தாவுக்கு.

மே 5

'டெலியா மே' கடலுக்குப் போய்விட்டது. இனிதான் தெரியும்.

ஜூன் 16, செவ்வாய்

பூட்ஸ். இரைமீன் நாற்றம். காலையிலிருந்து கடலில். அழுத்தமானிப் பட்டையைச் சுற்றினேன்.

132/80.

மறுபடி பார்த்தேன். 130.

சிறுநீரகம் நாற்பத்து நான்கு. எட்டு மாதமாகக் கீழே போகவில்லை.

"என்ன புது மருந்து குடுத்தீங்க?" என்றாள் டெலியா.

"புதுசா எதுவும் குடுக்கல."

"பின்ன எப்படி?"

ஹோலிஸ் ஜன்னலைப் பார்த்தார். "கைராசி," என்றார்.

இன்று பெருமையாக இருந்தது. வேறு சொல் தேடினேன், இல்லை. பெருமை. அட்டையைக் குத்தியபடியே கடைக்குப் போய்ப் பால் வாங்கினேன்.

ஆகஸ்ட் 19

கிளினிக் தொடர்ந்து இருக்கச் சொல்கிறது. பாஸ்டனிலிருந்தும் வேலைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இங்கே கையெழுத்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. அம்மாவிடம் பிறகு சொன்னேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

ரெசிடென்சி நாளையோடு முடிகிறது.

காலையில் வாண்டா என் மேசைக்கு வந்தாள். "துறைமுகத்துலேருந்து நாலு பேர் போன் பண்ணாங்க. உன் பட்டியல்ல போடணுமாம். டாக்டர்கிட்டப் போடட்டுமான்னு கேட்டா வேணாங்கிறாங்க. என்னடி பண்ணி வச்சே?"

எனக்கும் தெரியவில்லை. மதியம் டெலியா கூப்பிட்டாள், சிரித்து மூச்சு வாங்கினாள். பக்கத்துப் படகுக்காரர் தன் பிரஷர் பற்றிப் புலம்பியிருக்கிறார். ஹோலிஸ் படகு ரேடியோவில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீர் மாத்திரை, அடக்கிக்கொண்டது, ஒரு மணி, எல்லாம். துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற மகளும்.

"ரெண்டு வருஷம், லோர்னா. 'திரும்பிக்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனா?"

நாலு பேரில் முதல் ஆள் மூன்று மணிக்கே வந்துவிட்டார். அகலமான தோள், நாற்பது வயது. மாத்திரை போடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்:

"படகுல கூட யாரு வர்றாங்க?"

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"மாமியாரு."