களஞ்சியச் சுவரில் வெள்ளையடிக்காமல் விட்ட ஒரு சாண் இடம்

அனுப்புநர்
தெல்மா விக்கன்ஸ் (வயது 72),
எண் 3, கீழ்த்தெரு,
லிட்டில் ஹார்க்கம்.

பெறுநர்
திரு. ஜூலியன் ஃபேர்லி அவர்கள்,
மரபுக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர்,
வட்டார மன்றம், வெல்டன்பரி.

பொருள்: பெல்லிங் பண்ணைத் தானியக் களஞ்சியத்தின் உட்சுவரில் வரும் திங்கட்கிழமை பூசவிருக்கும் இரண்டாம் பூச்சை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் சென்ற மாதம் பிறப்பித்த சீரமைப்பு ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இதே ஊரில் பிறந்தவள். பெல்லிங் பண்ணையில் முப்பத்தோரு ஆண்டுகள் பால் கறந்தவள். பண்ணை போய்விட்டது, கட்டடங்கள் வீடுகளாகிவிட்டன. 'பழைய பால்கூடம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருக்கும் வீடு உண்மையில் காளை மாட்டைக் கட்டிவைத்த கொட்டில். அதைப் பற்றி நான் இதுவரை புகார் செய்ததில்லை. அந்த வீட்டார் அங்கே நிம்மதியாகத் தூங்கட்டும்.

2. தங்கள் ஆணையில், களஞ்சியத்தின் கதவையொட்டிய சுவரில் 'நீண்டகாலக் கவனக்குறைவால் வெள்ளையடிக்கப்படாமல் விடுபட்ட, கிறுக்கல்கள் கொண்ட சிறு பகுதி' இருப்பதாகவும், சுவரின் தொன்மைத் தோற்றத்தை மீட்க அதன்மேல் மூன்று பூச்சு சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எலி ஏறக்கூடாது என்று கற்கால்களின் மேல் தூக்கிக் கட்டிய களஞ்சியம் அது. எலிகளும் இருநூறு ஆண்டுகளாக மரியாதையாகக் கீழேயே நின்றன. தாங்கள் ஏறிவிட்டீர்கள்.

3. அது கவனக்குறைவு அல்ல, ஐயா. பண்ணையார் ஹ்யூபர்ட் பெல்லிங் காலைச் சாப்பாட்டுக்கு முன் வேலையாட்களோடு பேசமாட்டார். அன்றன்றைய வேலையை விடியற்காலையில் பென்சிலால் அந்தச் சுவரில் எழுதிவிட்டுப் போவார். ஆட்கள் வந்து படித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். ஆண்டுதோறும் மே மாதம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மறுபடி எழுதத் தொடங்குவார்.

4. 1966 அக்டோபர் 14 அன்று காலை அவர் தேதி போட்டு எழுதியது இது: 'நார்மன், மேட்டு வயல் இன்றே. அடுத்த மழைக்கு முன். ஹெச்.பி.' நார்மன் என் அண்ணன். வயது பத்தொன்பது. டிராக்டரால் உழ வேண்டிய மேட்டு வயலின் சரிவு முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்தது. வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "அங்க டிராக்டர் நிக்காதும்மா, வழுக்கிட்டுப் போயிரும். எழுதிட்டாரு, போகலன்னா திட்டுவாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். பத்து மணிக்கு டிராக்டர் அவன்மேல் கவிழ்ந்தது.

5. மரண விசாரணையில் பெல்லிங் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "நான் அனுப்பவே இல்லைங்க. விளையாட்டுத்தனமா அவனாத்தான் எடுத்துட்டுப் போனான்." அப்படியே தீர்ப்பும் வந்தது. என் அப்பா வால்டர் இரண்டாம் வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் குடியிருந்தது பண்ணை வீடு. வேலை போனால் அந்த வாரமே வீடும் போகும். வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள் மீதி இருந்தோம். அப்பாவை நான் அப்போது வெறுத்தேன். இன்று வெறுக்கவில்லை.

6. மறு மே மாதம் சுண்ணாம்பு வாளியை அப்பாவிடம்தான் கொடுத்தார்கள். சுவர் முழுவதும் அடித்தார். அந்த ஒரு வரியைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுச் சுண்ணாம்பு மட்டையைத் திருப்பினார். பெல்லிங் உள்ளே வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். அதன் பின் வேலையை வேறு சுவரில் எழுதினார். அப்பாவுக்குப் பிறகு யார் யாரோ வெள்ளையடித்தார்கள். சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் அந்த இடத்தைச் சுற்றித்தான் அடித்தார்கள். எங்கள் ஊர் நார்மனுக்காகச் செய்தது அது ஒன்றுதான். தாங்கள் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

7. 1986-இல் களஞ்சியம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டபோது, இனி எவனும் அந்தச் சுவரைத் தொட முடியாது, சட்டமே காவல் இருக்கும் என்று நான் மகிழ்ந்துபோனேன். படம் எடுக்கவில்லை, யாரிடமும் எழுதி வாங்கவில்லை. அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

8. கடந்த செவ்வாய்க்கிழமை முதல் பூச்சு விழுந்தது. நான் ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தேன். வெள்ளையடிப்பவர் நல்ல மனிதர். "எனக்கு என்னம்மா தெரியும்? காகிதத்துல மூணு பூச்சுன்னு போட்டிருக்கு, விட்டா என்னைத்தான் கேப்பாங்க" என்றார். புதிய உரிமையாளர் திருமதி ஃபெனல்லா தேநீர் கொடுத்து, "சுத்தமா இருந்தா நல்லாத்தானே இருக்கும்?" என்று அன்பாகக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஊர் முகப்பில் தங்கள் மன்றம் நட்டிருக்கும் பலகையில் 'வேலையாட்களைத் தம் மக்களாக நடத்திய பெல்லிங்' என்று எழுதியவர்மேல் இருக்கிறது.

9. ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். புதன்கிழமை விடியற்காலையில் அனுமதியின்றி உள்ளே போனேன். ஒற்றைப் பூச்சு சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்வரை அடியில் இருப்பதைக் காட்டும். பால்கூடத்துச் சுவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இது தெரியும். ஈரத்துணியால் ஒற்றினேன். வரி மேலே வந்தது. நார்மன் பெயரும் தேதியும் பெல்லிங்கின் அந்த இரண்டு முதலெழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. காய்ந்ததும் மறைந்தது. மூன்று முறை நனைத்து மூன்று முறை படித்தேன். கைபேசியில் எடுத்த படத்தில் ஈரத்தின் பளபளப்புதான் விழுந்திருக்கிறது. இரண்டாம் பூச்சுக்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தெரியாது.

10. ஆகவே, திங்கட்கிழமைப் பூச்சை நிறுத்தவும், அந்த ஒரு சாண் இடத்தின் சுண்ணாம்பைத் தக்க நிபுணரைக் கொண்டு அகற்றவும், அவ்வரியைக் கட்டடத்தின் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி சேர்க்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம். திங்கள் காலை ஏழு மணிக்குக் களஞ்சிய வாசலில் இருப்பேன். வாளியும் துணியும் நான் கொண்டுவருகிறேன். தாங்கள் வந்து, சுவர் காய்வதற்குள் ஒரே ஒருமுறை அதை வாய்விட்டுப் படியுங்கள். விசாரணை மன்றத்தில் அதை யாரும் படிக்கவில்லை.

இடம்: லிட்டில் ஹார்க்கம்
நாள்: 11.05.2023

தங்கள் உண்மையுள்ள,
தெல்மா விக்கன்ஸ்
(நார்மன் விக்கன்ஸின் தங்கை)

இணைப்பு: ஒன்றும் தெரியாத புகைப்படம் ஒன்று.