நிவேதா கொடுத்த பாயிண்ட்

டிசம்பர் 14, ஞாயிறு. மல்காஜ்கிரி

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளின் ஷட்டில் இறுதி ஆட்டத்துக்கு இன்று நான்தான் நடுவர். செக்ரட்டரியின் மகள் நிவேதா 20 பாயிண்ட், எதிரில் ஆடிய ஃபாத்திமா 19. ஃபாத்திமா அடித்த ஷட்டில் கோட்டுக்கு வெளியே விழுந்தது. நிவேதா ஜெயித்தாள் என்று கையைத் தூக்கினேன்.

"இல்ல தாத்தா, என் ராக்கெட்ல உரசிட்டுதான் போச்சு. பாயிண்ட் ஃபாத்திமாவுக்கு" என்றாள் நிவேதா.

"ஏய், உன்னை யார் கேட்டா? எதுக்கு நடுவுல பேசறே?" என்று அவள் அப்பா கத்தினார்.

நான் பாயிண்டை மாற்றினேன். 20-20. அடுத்த இரண்டையும் எடுத்து ஃபாத்திமா ஜெயித்தாள். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

நாற்காலியை மடிக்கும்போது செக்ரட்டரி வந்தார். "அங்கிள், அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க சிரமப்பட வேண்டாம். பசங்களே ஃபோன்ல ஸ்கோர் போட்டுப்பாங்க."

"சரி" என்றேன்.

உரசிய சத்தம் எனக்கும் கேட்டதுபோல இருக்கிறது. உண்மையில் கேட்டதா, அவள் சொன்ன பிறகு அப்படித் தோன்றுகிறதா? கேட்டிருந்தால், அவள் அப்பா அங்கே நின்றதால்தான் கையைத் தூக்கினேனா? மாலையிலிருந்து இதே யோசனை.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் யாராவது என்னிடம் ஏதாவது கேட்பார்கள். "தாத்தா, ஸ்கோர் எவ்வளவு?" என்பார்கள்.

அடுத்த ஞாயிறும் ஷட்டில் சத்தம் என் பால்கனிக்குக் கேட்கும். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.